பெரியப்பாவின் ஆஃப் சீசன்

எங்கள் பெரியப்பாவுக்கு உலகமே ஆன், ஆஃப் என்று இரண்டுதான். மீன் வைக்கிற குளிர்கிடங்கில் இருபத்திரண்டு வருஷமாக மெஷின் பார்க்கிறார். உள்ளே மைனஸ் பதினெட்டு. வெளியே வந்தால் மனிதருக்கு வேர்த்துக் கொட்டும். வீட்டில் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்துகொள்வார். நாம் கொஞ்சம் ஒட்டி உட்கார்ந்தால், சொத்தில் பங்கு கேட்ட மாதிரி முறைப்பார்.

கல்யாணமான புதிதில் பெரியம்மாவிடம், "உன்னை பிளேன்ல கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் பிறந்த நான் பத்தாவதில் இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. பிளேன் மட்டும் கிளம்பவில்லை.

போன வாரம் இரண்டு பேருக்குமான டிக்கெட்டை ஆட்டிக்கொண்டே வந்தார். பாலைவன நாடு. நடுக்கோடை.

"பாதி விலை! ஏஜென்ட் எனக்குன்னே எடுத்து வச்சிருந்தானாம்."

"ஏன் பாதின்னு கேட்டீங்களா?" என்றேன்.

"ஆஃப் சீசனாம். இதுகூடத் தெரியல, கழுதை. வெயில் சீசன் ஆஃப் ஆயிருக்கும்."

இப்படி ஒரு மேதாவியைச் சும்மா விடலாமா? எல்லாரும் சாப்பிட உட்காரும்வரை காத்திருந்து போனை நீட்டினேன்.

"பெரியப்பா, அங்க இப்ப நாப்பத்தெட்டு டிகிரி."

அவர் உற்றுப் பார்த்தார். "முன்னாடி மைனஸ் போட மறந்திருப்பான்."

அப்பாவுக்குப் புரையேறியது. "அண்ணே, போறப்ப ஆளா போவே, வர்றப்ப கருவாடா வருவே!"

வீடே சிரித்தது. பெரியப்பா டிக்கெட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் செருகினார். "கேன்சல் பண்ணிடறேன்."

பெரியம்மா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். ஒரே ஒரு தட்டு. குழாய் ரொம்ப நேரம் ஓடியது.

கையைத் துடைத்துக்கொண்டே வந்தவள் கேட்டாள்: "நாப்பத்தெட்டுன்னா, எங்க ரூமைவிட ரெண்டுதானே கூட?"

பெரியம்மா ஒரு லாண்டரியில் ஹோட்டல் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். பதினோரு வருஷம். அந்த ரூம் எவ்வளவு சுடும் என்று எங்களில் ஒரு ஜென்மமும் கேட்டதில்லை. கேலி பண்ண மட்டும் முதல் வரிசையில் நிற்போம்.

மறுநாள் பெரியப்பாவை அங்கே இழுத்துப்போனேன். கதவைத் திறந்ததும் ஆவி முகத்தில் அறைந்தது. ஐந்து பெண்கள் வரிசையாக நின்று தேய்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் மாட்டியிருந்த மீட்டர் நாற்பத்தாறு காட்டியது. மெஷின் பார்க்கிற வீரர் சரியாக ஆறு நிமிஷம் தாக்குப்பிடித்தார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து பாட்டில் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார்.

பெரியம்மா பின்னாலேயே வந்தாள்.

"இதுலயா பதினோரு வருஷம்?"

"பின்னே, பூங்காவிலயா?"

அவர் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தார்.

"டிக்கெட்டைக் கேன்சல் பண்ணாதீங்க," என்றாள். "நீங்க பகல் பூரா ஏசி ரூம்ல குப்புறப் படுத்துக் கிடங்க. நான் ஊரைச் சுத்திட்டு வந்து சொல்றேன்."

"தனியாவா?"

"ஆமா, தனியாத்தான்."

பெரியப்பா சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்துத் தொடையில் வைத்து, ஈரக் கையாலேயே மடிப்பை நீவினார்.

"எத்தனை மணிக்கு ரூமுக்குத் திரும்பி வருவே?"

"வர்றப்ப வருவேன்," என்று சொல்லிவிட்டு, பெரியம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.