தாடிக்காரருக்கு இடம்

தலையைக் குனிஞ்சு காட்டுறவங்க எல்லாரும் நம்ம பேச்சையும் கேட்பாங்கன்னு நம்பிச் சவரத் தொழிலுக்கு வந்தவங்க யாராவது இருந்தா, வாங்க, என்கூட உக்காந்து அழலாம். இலங்கையில தெஹியோவிட்டப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு நான்தான் பார்பர். ஞாயித்துக்கெழமை பலாமரத்தடியில ஒரு பலகை போடுவேன். ரெண்டு பேர் உக்காரலாம்.

திருநீறு கேட்டவங்க

இந்தியாவிலிருந்து புதுசா ஆள் வந்திருந்தாங்க. அதுல ஒருத்தருக்கு நெஞ்சு வரைக்கும் தாடி. லயத்து வரிசை வீடுங்கள்ல இருக்கிற பொம்பளைங்க சாமியாருன்னே முடிவு பண்ணிட்டாங்க. ஆளுங்களை வேலை வாங்குற வீரமுத்து கங்காணியோட சம்சாரம் பொன்னம்மா, காய்ச்சல்ல கெடந்த புள்ளையைத் தூக்கிட்டுப் போய்த் திருநீறு கேட்டுச்சு. அவர் புள்ளை தலையைத் தொட்டு ஏதோ முணுமுணுத்துட்டு, கொத்தமல்லி அவிச்சுக் குடுக்கச் சொன்னாராம். காய்ச்சலும் விட்டுடுச்சு.

ஞாயித்துக்கெழமை அவர் என் பலகை பக்கத்துல வந்து, உக்காராம நின்னாரு. "என்ன சாமி?"ன்னேன். பேரு யாக்கோபுன்னாரு. கிறிஸ்தவ வேதத்துல சேர்ந்ததுக்கு ஊரு தள்ளி வச்சிருச்சாம். கெணத்துல தண்ணி கெடையாது. வண்ணார் துணி எடுக்கக் கூடாது. கத்தி வச்சா நாவிதருக்கும் தண்டம். கூரைக்கும் நெருப்பு வச்சதும், பொண்டாட்டியைக் கூட்டிட்டுக் கடல் தாண்டிட்டாரு. வழியில எங்கயும் சவரம் கேட்கலையாம். இன்னொருத்தரும் முடியாதுன்னு சொல்லிடுவாங்களோன்னு பயம். கையைப் பிடிச்சு உக்கார வச்சேன். அப்ப அவர் சொன்னாரு:

"நான் சாமியார் இல்லைங்க. சவரம் பண்ண ஆளில்லாதவன்."

முகம் தெரிஞ்சதும் வந்த வினை

வீரமுத்து கங்காணியும் அதே ஊரு. தாடிக்குள்ள தெரியாத முகம், நான் சவரம் பண்ணி விட்டதும் பளிச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. நேரா என்கிட்ட வந்தாரு. "ஊரு தள்ளி வச்ச கட்டு இங்கயும் உண்டு. இனிமே அவன் மேல கத்தி வைக்காத"ன்னாரு. இந்தத் தோட்டமும் இல்லைன்னா அவங்க ரெண்டு பேரும் எங்க போவாங்க? திரும்பிப் போக வீடும் இல்ல. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "கட்டுப் போட்ட ஊரு கடலுக்கு அந்தப் பக்கம் கங்காணி. என் பலகை இந்தப் பக்கம்"ன்னேன். அவன் உக்காருற பலகையில நான் உக்கார மாட்டேன்னு துண்டை உதறிட்டுப் போனாரு.

யாக்கோபை வேலையை விட்டு அனுப்பச் சொல்லித் தோட்டத்துத் துரைகிட்டயும் கேட்டுப் பார்த்தாரு. ரப்பர் பால் வெட்ட ஆள் குறைவுன்னு துரை காதுல போட்டுக்கல. அடுத்து, தண்ணி பிடிக்கிற பீலியில யாக்கோபு சம்சாரத்தை மறிச்சாரு. அங்கதான் பொன்னம்மா நின்னுச்சு. அந்தப் பொண்ணோட குடத்தை வாங்கித் தானே நெறச்சுக் குடுத்துட்டு, புருஷன்கிட்டச் சொல்லுச்சு:

"எம் புள்ளை தலையைத் தொட்ட கைங்க அது. கட்டுப் போடுறதுன்னா மொதல்ல எனக்குப் போடுங்க."

கங்காணியின் தாடி

அப்புறம் கங்காணிக்கு வீம்பு. கடைவீதிக்குப் போய்ச் சவரம் பண்ணிக்கலாம்தான். ஆனா தோட்டத்து பார்பரே அவர் பேச்சைக் கேட்கலன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சிடுமே. அதனால தாடி வளர்ந்துச்சு. நல்லாவே வளர்ந்துச்சு. அடுத்து வந்த ஆளுங்கள்ல ஒரு அம்மா, காலையில பெரட்டுக் களத்துல எல்லாரும் வேலைக்கு நிக்கிறப்ப, பொசுக்குன்னு அவர் கால்ல விழுந்து திருநீறு கேட்டுச்சு.

அந்த ஞாயித்துக்கெழமையே வந்துட்டாரு. பலகையில யாக்கோபு உக்காந்திருந்தாரு. கங்காணி நிக்கிறாரு, தாடியைச் சொறியிறாரு, உக்காரல. நான் கத்தியைத் தீட்டுறேன், தீட்டுறேன், தீட்டிக்கிட்டே இருக்கேன். கடைசியில யாக்கோபுதான் நகர்ந்து இடம் விட்டாரு:

"உக்காருங்க கங்காணி. சவரத்துக்கு ஆளில்லாத கஷ்டம் எனக்குத் தெரியும்."

கங்காணி உக்காந்தாரு. அன்னையிலிருந்து என் தொழிலுக்கு ஒரே சட்டம்தான்: பலகையில நகர்ந்து இடம் விடாதவங்களுக்கு என்கிட்ட தாடி இலவசம்.