வெயில் பெட்டியின் மூடி

தார் உருகும் நெடி மூக்கில் ஏறினால் இன்றைக்கும் நான் அண்ணாந்து கூரையைப் பார்ப்பேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. தேயிலை விலை விழுந்து, இலங்கையில் ஹந்தானைத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வேலைப் பதிவில் பேர் வெட்டி இந்தியாவுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். நான் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பிட்டர். கொழுந்து வாட்டும் மேல்மாடிக்கு விறகில்லாமல் சூடான காற்று அனுப்ப முடியுமா என்று பார்க்க தொழிற்சாலைப் பொறுப்பிலிருந்த எங்கள் டீமேக்கர் ஐயா கூரைமேல் ஒரு பெட்டி செய்திருந்தார். தார் பூசிய தகரம், அதன்மேல் கண்ணாடி, இடையில் வெயிலில் காயும் காற்று. அதை மாடிக்குள் இழுக்க ஒரு விசிறி, காற்று போகும் வாயில் ஒரு மூடி; அது அடைபட்டால் சூடு பெட்டிக்குள்ளேயே ஏறும். தோட்டத்துத் துரை அதைச் சோதித்துப் பார்க்க இரண்டு வாரம் தவணை கொடுத்திருந்தார். ஐயா மணிக்கொரு தடவை ஏணியில் ஏறி, வெப்பமானியைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவார்.

ஒன்பதாம் நாள், உச்சிக்குச் சற்று முன், ஐயா எழுதிவிட்டு இறங்கியதும் விசிறியின் வார் நழுவியது. அனல் முகத்தில் அடிக்காமலிருக்கப் பெட்டியின் மூடியை அடைத்துவிட்டு வாரை மாட்டினேன். திறக்க மறந்து இறங்கிவிட்டேன்.

நடுப்பகலில் நெடி வந்தது. அண்ணாந்து பார்த்தால் பெட்டியின் மரச்சட்டம் புகைந்துகொண்டிருந்தது. கூரைக்கு நேர் கீழே கொழுந்து நிறுக்க நின்ற பெண்களின் வரிசையில் ஏழு மாதக் கர்ப்பிணியான என் மனைவியும் இருந்தாள். நனைத்த சாக்கோடு ஏணியில் ஏறினேன். எனக்கு முன்பே மேலே வந்திருந்த ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஈரச் சாக்கு வேணாம், கண்ணாடி வெடிச்சிரும். காஞ்சத எடு. மொதல்ல பொம்பளைங்கள தள்ளிப் போகச் சொல்லு."

கீழே பார்த்துக் கையை வீசிக் காட்டினேன். மூலைக் கண்ணாடி ஒன்று விரிசல்விட்டு, கூரையில் சறுக்கி, என் மனைவி நின்ற இடத்திலேயே விழுந்து சிதறியது. அவள் அப்போதுதான் நாலடி தள்ளியிருந்தாள். நான் கொண்டுவந்த காய்ந்த சாக்குகளைப் பரப்பி வெயிலை மறைத்து, காற்று பறித்துவிடாமல் அவற்றின்மேல் ஐயா குப்புறப் படுத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து மூடியைத் திறந்துவிட்டேன். அவர் கவனிக்கவில்லை.

மாலையில், வெந்த கைகளில் எண்ணெய் பூசிக்கொண்டு கேட்டார்.

"மூடி தெறந்துதானே இருந்திச்சு?"

உண்மையைச் சொன்னால் என் பேரையும் வெட்டுவார்கள், இந்த வயிற்றோடு அவளைக் கப்பலேற்ற வேண்டி வருமே என்பதைத் தவிர எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

"தெறந்துதாங்கய்யா இருந்திச்சு."

அவர் நம்பினார். தன் கணக்கில்தான் பிழை என்று கொப்பியில் எழுதினார், துரையிடமும் அதையே சொன்னார், மறுநாள் பெட்டியைத் தானே பிரித்தார். அதற்குப்பிறகு அவர் எதையும் செய்து பார்க்கவில்லை. வேலையை விட்டுப் பிலிமத்தலாவைப் பக்கம் போனவரைக் கண்டிக் கடைத்தெருவில் ஒருமுறை கண்டேன். என் மகளின் தலையைத் தடவி நலம் விசாரித்தார். அப்போது பேர் வெட்டும் பயம் எனக்கில்லை. உண்மையைச் சொன்னால் அந்த முகம் மாறிவிடுமே என்ற பயம்தான். மூடியைப் பற்றிச் சொல்லாமலே மகளைக் கூட்டிக்கொண்டு நடந்தேன்.

இன்று அவர் இல்லை. அவர் கணக்கில் பிழை இல்லை என்று முதல் தடவையாக இங்கேதான் எழுதுகிறேன்.