திரையின் இடது மூலை

மத்தியானம் ஒன்றரை மணிக்கு மட்டாஞ்சேரியின் கொச்சங்காடிக் கிடங்குகள் சாப்பாட்டுக்காகக் கதவை இழுத்துச் சாத்தும். அந்த நேரத்துக்கு ஷாகுல் ஹமீது தன் பெட்டி ஆட்டோவைச் சந்து முனையில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு வருவார். மூன்று சக்கரம், பின்னால் சரக்குப் பெட்டி. சுக்கும் மிளகும் ஏற்றி இறக்கி வண்டி முழுக்க நெடி ஏறியிருக்கும். சோறும் மீன்கறியும் சாப்பிட்டு, கை கழுவிய ஈரம் காய்வதற்குள் டிவிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அதற்கப்புறம் முக்கால் மணி நேரம் அவரை யாரும் கூப்பிடக் கூடாது. மனைவி ரம்லத்தும் கூப்பிட மாட்டாள்.

அவர் விளையாடியது ஒரு பழைய கார்ப் பந்தயம். மகள் ஃபிதா பிறப்பதற்கு முந்தின வருஷம் ரம்லத்தின் தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்த சாம்பல் நிறப் பெட்டி, இரண்டு கண்ட்ரோலர், ஒரே ஒரு டிஸ்க். கொண்டுவந்தவன் ஒரு மாதத்தில் அதை மறந்துவிட்டான். ஷாகுல் விடவில்லை. ஃபிதா வளர்ந்து தன் போனில் புது விளையாட்டுகளைக் காட்டிப் பார்த்தாள்.

"வாப்பா, இதுல கார் நெசக் கார் மாதிரியே இருக்கும். பாருங்க."

"நெசக் காருதான் ரோட்டுல வேண்டிய மட்டும் கெடக்கே மோளே," என்று சொல்லிவிடுவார்.

அவர் நாளெல்லாம் ஓட்டுகிற பஜார் ரோடு அப்படி. முன்னால் கைவண்டி, பின்னால் லாரி, இரண்டு பக்கமும் கிடங்குக் கதவு. எந்தக் கதவிலிருந்து எந்த நேரம் ஆள் வெளியே வருவான் என்று சொல்ல முடியாது. பழைய யூதத் தெருவான ஜூ டவுன் பக்கம் போனால் சுற்றுலா வந்தவர்கள் பழைய சுவரைப் படம் எடுப்பதற்காகப் பின்னுக்குப் பின்னாகவே நடந்து ரோட்டின் நடுவுக்கு வந்துவிடுவார்கள். இருபத்தாறு வருஷமாகப் பிரேக்கின் மேலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டியவர் அவர். ஒருவரையும் இடித்ததில்லை. மற்ற டிரைவர்கள் அதைத் திறமை என்றார்கள். அது வெறும் பயம் என்று அவருக்குத் தெரியும்.

விளையாட்டில் அந்தப் பயம் இல்லை. மலைப்பாதை ஒன்று, சுரங்கம் ஒன்று, கடலை ஒட்டி நீளமாக ஒரு ரோடு. வேடிக்கை பார்க்கும் ஜனங்கள் கம்பிவேலிக்குப் பின்னால் படமாக நின்று கையாட்டுவார்கள். ஒருவர்கூட ரோட்டில் கால் வைக்க மாட்டார். சுவரில் போய் மோதினால் கார் ஒரு துள்ளு துள்ளிவிட்டுக் கீறல் இல்லாமல் ஓடும். இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் வளைவில் திரும்பும்போது சக்கரம் சறுக்கி, சரியான நொடியில் விட்டால் மறுபடி ரோட்டைப் பிடிக்கும். அந்தப் பிடிப்பு கட்டைவிரலில் தெரியும். அதற்காகவே அந்த ஒரே டிஸ்க்கைப் பத்தொன்பது வருஷமாகச் சுழலவிட்டார். கூட ஓடும் ஐந்து கார்களையும் ஆட்களைப் போல அறிந்திருந்தார். அதில் மஞ்சள் கார் ஒன்று, சுரங்கம் முடிந்ததும் இடது பக்கமாகவே முந்தப் பார்க்கும். அது தலைகாட்டும்போதே லேசாக இடது பக்கம் அணைத்து வழியை அடைத்துவிடுவார்.

ஜூன் மாதம், மழை பிடித்த வாரத்தில், மஞ்சள் கார் அவரை முந்தியது. வருவதே தெரியாமல் திடீரென்று முன்னால் போய் நின்றது. அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவருக்கு இன்னொன்று கண்ணில் பட்டது. திரையின் இடது கீழ் மூலையில் பாதையின் சின்ன மேப் ஒன்று எப்போதும் இருக்கும். அதைக் காணோம்.

டிஸ்க்கை எடுத்துச் சட்டை நுனியால் துடைத்துப் போட்டார். டிவியின் பின்னால் வயரை அசைத்துப் பார்த்தார். கல்லூரிக்குப் போகாமல் வீட்டிலிருந்த ஃபிதாவைக் கூப்பிட்டார்.

"இதுல மேப் போயிடுச்சு. செட்டிங்ஸ்ல ஏதாவது மாறியிருக்கான்னு நோக்கு."

"எங்க போச்சு? இங்கதானே இருக்கு." அவள் திரையில் விரலை வைத்தாள்.

அவள் விரல் இருந்த இடத்தைப் பார்த்தார். மேப் இருந்தது. பழையபடி ரோட்டின் நடுவைப் பார்த்தார். மேப் போய்விட்டது. மேப்போடு சேர்ந்து, அங்கே இன்னும் வைத்திருந்த ஃபிதாவின் விரலும் போய்விட்டது. அந்த இடம் கறுப்பாக இல்லை. ஓட்டையாகவும் இல்லை. அங்கே ஏதோ ஒன்று இருக்க வேண்டும் என்கிற எண்ணமே வராதபடி, ரோட்டின் சாம்பல் நிறம் வழிந்து நிரம்பியிருந்தது.

"இருக்கா வாப்பா?"

"இருக்கு. நீ போ," என்றார்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து விளையாட்டு விளையாட்டாக இல்லை. தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, ஸ்டூலை அதே கோட்டில் வைத்து, சுரங்கத்தின் வாயை உற்றுப் பார்த்தபடி மேப் எவ்வளவு தெரிகிறது என்று தினமும் சோதிப்பார். ஒரு நாள் பாதி தெரிந்த மாதிரி இருக்கும்; சாயா குடிக்கும்போது வாயில் பாட்டு வரும். மறுநாள் சுத்தமாக இருக்காது. ஐந்து மாதம் இப்படி ஓடியது. ரோட்டில் வண்டி இன்னும் மெதுவாகப் போனது. ஒவ்வொரு கதவுக்கும் தலையை முழுக்க இடது பக்கம் திருப்பிப் பார்த்தார். இடது பக்கம் பார்க்கிற நேரத்தில் வலது பக்கம் என்ன வருகிறதோ என்று உடனே அந்தப் பக்கம் திரும்புவார். பின்னால் வருகிறவர்கள் ஹாரனை அழுத்திப் பிடித்தார்கள்.

நவம்பரில் ஒரு காலை, பத்து மூட்டை சுக்கு ஏற்றிக்கொண்டு பஜார் ரோட்டில் வந்துகொண்டிருந்தார். இடது பக்கம் பார்த்தார். கிடங்குக் கதவு, சுவர், வெயில். காலியாக இருந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். அடுத்த கணம் தகரத்தில் ஏதோ இடித்து வண்டி குலுங்கியது. இரும்புக் கைவண்டி ஒன்று குப்புறக் கிடந்தது. அதைத் தள்ளிக்கொண்டு வந்த சுமைத் தொழிலாளி சேவியர் சுவரோடு சுவராக ஒட்டி நின்றான். வண்டியின் முன்சக்கரத்துக்கும் அவன் காலுக்கும் ஒரு சாண் இடைவெளி இருந்தது.

"இக்கா, கண்ணு கண்டூடே?" என்றான் சேவியர்.

கண்ணு தெரியாதா என்பது அந்த ரோட்டில் நாளைக்கு நூறு தடவை யாராவது யாரையாவது கேட்கிற கேள்வி. கேட்டவர் பதிலுக்கு நிற்பதில்லை. ஷாகுல் வண்டியை அணைத்துவிட்டு இறங்கினார்.

"கண்டில்ல சேவியரே," என்றார். "சத்தியமா கண்டில்ல."

சேவியர் திட்டுவதற்குத் திறந்த வாயை மூடிக்கொண்டான். சுக்கு மூட்டைகளை வேறு வண்டியில் ஏற்றிவிட்டான். ஷாகுல் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தார்.

காலை பதினொரு மணிக்கு அவர் வாசலில் நிற்பதைப் பார்த்த ரம்லத் அடுப்பை அணைத்தாள். எல்லாவற்றையும் சொன்னார்.

"எப்போலேந்து?"

"ஜூன்லேந்து."

"இது நவம்பர்." "என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவே."

"ஆமா, போவேன்," என்றாள்.

எர்ணாகுளத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து, விளக்கு, கண்ணில் காற்று ஊதிப் பார்ப்பது என்று நாலு அறை ஏறி இறங்கிய பிறகு, ஓர் இருட்டறைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த டெக்னீஷியன் பெயர் மாதுரி, பாலக்காட்டுப் பெண், தமிழிலேயே பேசினாள். வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு மிஷின். அதற்குள் முகத்தை வைத்துத் தாடையை ஒரு தட்டில் ஊன்ற வேண்டும். ஒரு கண்ணைக் கட்டிவிட்டு, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள்.

"நடுவுல இருக்கிற மஞ்சள் புள்ளியவே பாருங்க. சுத்தி எங்கயாவது வெளிச்சம் மின்னினா பட்டன அமுக்குங்க. அவ்வளவுதான்."

பட்டனில் கட்டைவிரல் பட்டதும் ஷாகுலுக்கு ஒரு தைரியம் வந்தது. இது அவருக்குத் தெரிந்த வேலை. மிஷின் ஒவ்வொரு தடவையும் உள்ளே லேசாகச் 'சிக்' என்று சத்தம் போட்டது. சத்தம், வெளிச்சம், இடைவெளி. சத்தம், வெளிச்சம், இடைவெளி. பத்து எண்ணுவதற்குள் தாளம் பிடிபட்டுவிட்டது. பிறகு சில சத்தங்களுக்கு வெளிச்சம் வரவில்லை. வண்டி, லைசன்ஸ், வீடு எல்லாம் அந்தக் கிண்ணத்துக்குள் போய்விட்டது போல இருந்தது. தாளத்தை விடாமல் அமுக்கினார். தெரிந்ததற்கும் அமுக்கினார், தெரியாததற்கும் அமுக்கினார்.

பாதியில் மாதுரி மிஷினை நிறுத்தினாள்.

"இக்கா, நீங்க சத்தத்துக்கு அமுக்குறீங்க."

"இல்லம்மா, வெளிச்சம் வந்துச்சு."

"மிஷின் நடுநடுவுல வெளிச்சமே போடாம சத்தம் மட்டும் போடும். யாரு ஊகிச்சு அமுக்குறாங்கன்னு பாக்கத்தான். ஒன்பது தடவை போட்டிருக்கு. ஒன்பதுக்கும் அமுக்கியிருக்கீங்க." அவள் குரலில் கோபமில்லை. "நெறைய பேரு செய்றதுதான். இப்படியே விட்டா, ரிப்போர்ட்ல நல்லா இருக்குன்னு வரும். டாக்டர் மருந்து எழுத மாட்டாரு. மிச்சம் இருக்கிறதும் போயிடும். திரும்பப் பண்ணலாமா?"

அவர் தலையாட்டினார். தாடையை மறுபடி தட்டில் வைத்தார்.

இரண்டாம் தடவைதான் அவர் வாழ்நாளிலேயே நீளமான ஏழு நிமிஷம். சிக். ஒன்றும் தெரியவில்லை, விரலை அடக்கினார். சிக். ஒன்றுமில்லை. வெளிச்சம் இல்லாத பொய்ச் சத்தமா, இல்லை அவர் கண்ணுக்கு எட்டாத வெளிச்சமா? எது என்று அறிய வழியே இல்லை. சிக். சிக். அப்புறம் மேலே வலது பக்கம் ஒரு மங்கல் பொட்டு, அமுக்கினார். மறுபடி சிக், சிக், சிக். கைவண்டியும் சேவியரும் இப்படித்தானே இருந்திருப்பார்கள் என்று நினைத்தபோது அழுகை வந்தது. அழுதால் மங்கும், மங்கினால் இன்னும் குறையும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

கிளாக்கோமா என்றார் டாக்டர். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு மெல்ல மெல்லப் பட்டுப்போகிறது. வலி இல்லாததால் ஆளுக்குத் தெரியாது. இடது கண்ணில் பாதிக்கு மேல் போய்விட்டது. வலது கண்ணிலும் இடது கீழ்மூலையில் தொடங்கியிருக்கிறது. போனது திரும்பாது. சொட்டு மருந்தை ஒரு வேளையும் விடாமல் போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம். வண்டி ஓட்டக் கூடாது.

இதையெல்லாம் ஷாகுல் எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார். எதிர்பாராதது அடுத்த கேள்வி.

"குடும்பத்துல வேற யாருக்காவது இருந்ததா?"

அவருடைய வாப்பா கடைசி மூன்று வருஷம் வீட்டுக்குள்ளேயே கதவு நிலையில் இடித்துக்கொண்டார். நெற்றியில் எப்போதும் ஒரு வீக்கம் இருக்கும். வயசாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள்.

"அப்போ உங்க பிள்ளைகளையும் பாத்துடணும்," என்றார் டாக்டர், மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே.

வண்டியைக் கொடுத்துவிட்டார். கொச்சங்காடிக் கிடங்கிலேயே சுக்குத் தரம் பிரிக்கும் வேலை கிடைத்தது. கையில் எடுத்து ஒடித்துப் பார்த்து ரகம் ரகமாகப் போட வேண்டும். மத்தியானம் இன்னும் விளையாடுகிறார். மஞ்சள் கார் தினமும் முந்துகிறது. ஆறு கார்களில் ஆறாவதாக வருகிறார். சாக்பீஸ் கோட்டை ரம்லத் ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். கோடு இல்லாவிட்டாலும் அந்த மூலையைச் சோதிக்காமல் அவரால் இருக்க முடியவில்லை.

அவள் கண்ணையும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை ஃபிதாவிடம் அவர் சொல்லவில்லை. நாளைக்கு, வெள்ளிக்கிழமைக்கு, பரீட்சை முடியட்டும் என்று ஆறு வாரம் தள்ளினார். அவள் படியில் கால் இடறினால் அவள் கண்ணையே பார்ப்பார். தண்ணீர் டம்ளரை வேண்டுமென்றே அவளுடைய இடது பக்கம் வைத்துவிட்டு, எடுக்கிறாளா என்று பார்ப்பார். அதை ரம்லத் ஒரு நாள் பார்த்துவிட்டாள். அன்றைக்கே ஃபிதாவிடம் விஷயத்தைச் சொல்லி, ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து நேரம் வாங்கினாள்.

ஃபிதா உள்ளே போனதும் இருட்டறைக் கதவைச் சாத்திவிட்டார்கள். வெளியே பெஞ்சில் ஷாகுல் தனியாக உட்கார்ந்திருந்தார். உள்ளே மிஷினின் சத்தம் மெலிதாகக் கேட்டது. பட்டன் அமுக்கும் சத்தம் கேட்கவில்லை. அவள் அமுக்கவே இல்லையா, கதவுக்கு அப்பால் கேட்காதா? காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்து எழுந்து போனதுகூட அவர் கவனத்தில் பதியவில்லை. உள்ளே ஒரு கட்டத்தில் சத்தம் நின்றது. ஃபிதாவை மறுபடி செய்யச் சொல்கிறார்களோ என்று எழுந்துவிட்டார்.

மாதுரி கதவைத் திறந்து காகிதத்தை அவரிடமே நீட்டினாள். புள்ளிகளும் எண்களுமாக இருந்த அது அவருக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள்: "இப்போ ஒண்ணுமில்ல இக்கா. ரெண்டு கண்ணும் கிளியர். ஆனா வருஷா வருஷம் வரணும்."

'இப்போ' என்ற வார்த்தை அவர் மனசில் தங்கிவிட்டது.

படகுத்துறைக்கு நடக்கும்போது ஃபிதா கேட்டாள், "வாப்பா, எனக்குப் பதினெட்டு முடிஞ்சது. ஸ்கூட்டருக்கு லைசன்ஸ் எடுக்கட்டா?"

பஜார் ரோட்டின் கதவுகள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துகொண்ட மாதிரி இருந்தது. டிக்கெட் எடுத்து, படகில் ஏறி, அது கரையை விட்டு நகர்ந்து, மட்டாஞ்சேரிப் பக்கத்துக் கூரைகள் தெரியத் தொடங்கும் வரை பேசாமலே வந்தார்.

"எடு," என்றார் கடைசியில்.

"நெசமாவா?"

"எடுன்னுதானே சொன்னேன்," என்றார். பயம் அப்படியேதான் இருந்தது.