ரியூக்யூவை ஆண்ட டைப்பிங் மாஸ்டர்

ஜினசந்திரன் என்று சொன்னால் ஆரணியில் பாதிப் பேருக்குத் தெரியாது. டைப்பிங் மாஸ்டர் என்றால் பஸ் ஸ்டாண்டில் கடலை விற்பவர்கூடக் கை காட்டுவார். போளூர்ப் பக்கம் ஒரு சமண கிராமத்தில் பிறந்து, பட்டப்படிப்பு முடித்த கையோடு இங்கே வந்து, எண்பத்தொன்பதில் ஆறு டைப்ரைட்டர்களோடு இன்ஸ்டிட்யூட் தொடங்கியவர். தொண்ணூற்றெட்டில் அவற்றில் நான்கைத் தள்ளிவிட்டு இரண்டு கம்ப்யூட்டர்களை வாங்கிப் போட்டார். போர்டில் பெயர் மாறியது, மாஸ்டர் மாறவில்லை.

சண்டை என்றால் ஒதுங்கிப்போகிற மனிதர். அண்ணன் தம்பிகள் நிலம் பிரித்தபோது, களர் பூத்த மேட்டுத் துண்டை யாரும் கேட்காததால் அதுவே போதும் என்று வாங்கிக்கொண்டவர். "உங்க கூட சண்ட போட வர்றவனுக்குக்கூட காபி குடுத்து அனுப்புவீங்க" என்று அவர் மனைவி சக்ரேஸ்வரி சொல்வாள். அதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாயிரத்து மூன்றில் முருகேசன் அந்த விளையாட்டைக் கொண்டுவந்தார். களம்பூரில் ஒரு ரைஸ் மில்லில் சூப்பர்வைசர். மில்லுக்குக் கம்ப்யூட்டர் வாங்கச் சென்னைக்குப் போனவர் ஒரு சி.டி.யும் வாங்கிவந்தார். பழங்காலத்து உலக வரைபடம் திரையில் விரியும். ஆளுக்கு ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு வணிகம் செய்யலாம், கப்பல் கட்டலாம், படையெடுக்கலாம், ஓலை அனுப்பலாம். நான்கு பேர் சேர்ந்தார்கள். பட்டுச் சேலை வியாபாரி மாணிக்கவேல் சீனாவை எடுத்தார். முருகேசன் ஜப்பானை எடுத்தார். தீபா கொரியாவை எடுத்தாள்.

தீபா நெசவுக் குடும்பத்துப் பெண். சேலைக்கு பார்டரும் முந்தியும் கிராஃப் தாளில் வரைந்துகொண்டிருந்தவள், மாஸ்டரிடம் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு அதிலேயே டிசைன் போட ஆரம்பித்தாள். மாணிக்கவேல் உட்பட மூன்று வியாபாரிகள் அவளிடம் வேலை கொடுத்தார்கள். ஒருவருடைய டிசைன் சேலை கடைக்கு வருமுன் இன்னொருவர் கண்ணில் படக் கூடாது. அது அந்தத் தொழிலின் கட்டாயம். தன் வாய் பூட்டுப் போட்ட வாய் என்று தீபா பெயர் வாங்கியிருந்தாள்.

மிச்சம் இருப்பதைக் கொடுங்கள் என்றார் ஜினசந்திரன். ஜப்பானுக்குக் கீழே, சீனாவுக்குக் கிழக்கே, கடலில் ஈ உட்கார்ந்த மாதிரி ஒரு புள்ளி இருந்தது. ரியூக்யூ. ஒரு துறைமுகம், மூன்று கப்பல், கையளவு படை. அதுதான் அவர் ராஜ்யம்.

ஆட்டத்தின் முறை இதுதான்: வாரத்தில் வசதிப்பட்ட நேரத்துக்கு வந்து, அவரவர் பாஸ்வேர்டைப் போட்டு, தங்கள் நாட்டுக்கான கட்டளைகளைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஞாயிறு பிற்பகல் நால்வரும் கூடியதும் மாஸ்டர் ஒரு பட்டனைத் தட்டுவார். ஒரு வருடம் நகரும். யார் பிழைத்தார், யார் கெட்டார் என்று தெரியும்.

நான்கு மாதம் ரியூக்யூ பிழைத்திருந்தது கப்பம் கட்டித்தான். சீனாவுக்கு ஒரு கப்பம், ஜப்பானுக்கு ஒரு கப்பம். தங்கள் நிழலில் வாழும் சிறியவன் என்று இரண்டு பக்கமும் ஓலை எழுதுவார். மற்றவர்கள் அதைப் படித்துச் சிரிப்பார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார். ஒரு ஞாயிறு முருகேசன் அவர் தோளில் தட்டி, "உன் தீவ எப்ப வேணா முழுங்கிடுவேன் மாஸ்டர். பாவம்னு வுட்டு வெச்சிகினு இருக்கேன்" என்றார்.

விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் அந்தப் 'பாவம்' ஜினசந்திரனின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. நாற்பது வயது வரை எல்லோரும் தன்னை விட்டு வைத்திருந்தது அதற்காகத்தானா என்று வீட்டுக்கு நடந்துபோகும் வழியெல்லாம் யோசித்தார்.

முருகேசனின் பாஸ்வேர்டு அவருக்குத் தெரியும். முதல் நாள் கீபோர்டில் எழுத்து தேடி அலுத்துப்போன முருகேசன், மில் லாரியின் நம்பரைச் சொல்லி, நீயே அடித்துவிடு மாஸ்டர் என்று சொல்லியிருந்தார். அதன் பிறகு முருகேசனே அடித்துப் பழகிக்கொண்டார். நம்பரை மாற்றவில்லை.

புதன்கிழமை காலை, இன்ஸ்டிட்யூட்டைத் திறந்து கூட்டிப் பெருக்கிவிட்டு, வகுப்புக்கு ஆட்கள் வருமுன், ஜினசந்திரன் அந்த நம்பரை அடித்தார். முழுங்குகிற எண்ணம் நிஜமா என்று பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்றுதான் நினைத்தார். நிஜம்தான். முப்பது கப்பல்கள் தெற்கே புறப்படத் தயாராக நின்றன. கொரியாவுக்கு ஓர் ஓலை போயிருந்தது: இந்த வருடம் தீவை எடுக்கப்போகிறேன், யாரிடமும் மூச்சு விடாதே, பத்து வருடம் உன் எல்லையைத் தொடமாட்டேன். கீழே கொரியாவின் பதில் ஒரே சொல்லில் இருந்தது: சரி.

தான் எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொடுத்த பெண், தன் தீவு அழியச் சரி என்று எழுதியிருக்கிறாள். அந்தக் கோபம் அவருக்கு அப்போது வசதியாக இருந்தது.

அன்றே சீனாவுக்கு உதவி கேட்டு ஓலை எழுதினார். மாலையில் மாணிக்கவேல் தன் கட்டளைகளைக் கொடுக்க வந்து, அதைப் படித்துவிட்டு, ஜப்பான் வருவது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். யூகம் என்று சொல்லியிருக்கலாம். பயம் என்று சொல்லியிருக்கலாம். ஜினசந்திரன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சிரித்து, "ஒரு நல்ல மனசு சொல்லிச்சுண்ணே" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜப்பானின் முப்பது கப்பல்களும் சீனாவின் பெரும்படையிடம் சிக்கி மூழ்கின. மாணிக்கவேல் மேஜையைத் தட்டிச் சிரித்தார். வாழ்நாளில் முதல்முறையாக ஒருவர் ஜினசந்திரனைப் பார்த்து, மாஸ்டர் பெரிய ஆளுய்யா என்றார். அவருக்குக் காது மடல்கள் சூடேறின. இனித்தது.

முருகேசன் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர் தீபாவின் பக்கம் திரும்பினார். "உன்னாண்ட மட்டும்தான் சொன்னேன்."

தான் யாரிடமும் சொல்லவில்லை என்றாள் தீபா. முருகேசன் மாணிக்கவேலைப் பார்த்தார். மாணிக்கவேல், எனக்கு எதுவும் தெரியாதுப்பா, ஏதோ நல்ல மனசு சொல்லிச்சு என்று மாஸ்டர்தான் சொன்னார் என்றார். மூவரும் ஜினசந்திரனைப் பார்த்தார்கள். அவர் எழுந்துபோய், ஓடாமல் கிடந்த பிரிண்டரின் மூடியைத் திறந்து, உள்ளே காகிதம் சிக்கியிருக்கிறதா என்று பார்த்தார். எதுவும் சிக்கியிருக்கவில்லை. அவர் நிமிர்ந்தபோது தீபா முகத்தைத் துடைத்தபடி படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

கேம்தானே, நாலு நாளில் சரியாகிவிடும் என்று அவர் நம்பினார். ஆனால் மாணிக்கவேல் கணக்குப் போடுகிற மனிதர். ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு இன்னொருவரிடம் சொல்கிற பெண்ணிடம் தன் டிசைன்கள் இருக்கின்றனவே என்று அவருக்குத் தோன்றிவிட்டது. முகூர்த்த சீசனுக்கான வேலையைக் காஞ்சிபுரத்தில் ஓர் ஆளிடம் கொடுத்தார். ஏன் என்று கேட்ட இன்னொரு வியாபாரியிடம், அந்தப் பொண்ணு வாய் நிக்காது என்றார். எந்த இடத்தில் நிற்கவில்லை என்பதை அவர் சொல்லவில்லை, கேட்டவரும் விசாரிக்கவில்லை. இரண்டே மாதத்தில் தீபாவிடம் வேலை கொடுக்க யாருமில்லை.

அவள் வந்து நின்ற இடம் ஜினசந்திரனின் இன்ஸ்டிட்யூட்தான். கல்யாணப் பத்திரிகை, பயோடேட்டா என்று ஏதாவது அடித்துத் தருகிறேன் சார் என்றாள். அவர் உடனே சரி என்றார். மூலையில் இருந்த நல்ல நாற்காலியை அவளுக்குப் போட்டார். வேலைக்குச் சேர்ந்த அன்று அவள் சொன்னாள்: "எல்லாரும் கேட்டாங்க சார், ஏன் சொன்ன, எதுக்கு சொன்னனு. நீங்க மட்டும்தான் என்ன ஒரு வார்த்த கேக்கல."

ஜினசந்திரன் அன்று மதியச் சாப்பாட்டைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப்போனார்.

அதன்பின் ஏறத்தாழ இரண்டு வருடம் அவள் அங்கே வேலை செய்தாள். அவர் அவளிடம் வேண்டிய மட்டும் நல்லவராக நடந்துகொண்டார். மழை வந்தால் சீக்கிரம் அனுப்பினார். சக்ரேஸ்வரியிடம் சொல்லிப் பண்டிகைக்கு வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட வைத்தார். அவர் ஒவ்வொன்றாகச் செய்யச் செய்ய அவள் மரியாதை கூடியது. அது கூடக் கூட அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சமணர்களின் பத்து நாள் தசலட்சண நோன்பு முடிந்த மறுநாள் தெரிந்தவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்பது அவர் வீட்டு வழக்கம். அந்த வருடம் தீபாவிடமும் போய், தெரிந்தோ தெரியாமலோ நான் ஏதாவது தப்பு செய்திருந்தால் மன்னித்துவிடு என்றார். நீங்கள் என்ன சார் தப்பு செய்யப்போகிறீர்கள் என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். சாமி பேரால்கூடத் திருட்டுத்தனம் செய்துவிட்டோமே என்று அவருக்கு உடம்பு கூசியது.

ஆட்டம் எப்போதோ நின்றுபோயிருந்தது. இரண்டாயிரத்தைந்து கார்த்திகையில், விடாத மழைக்கு நடுவில், முருகேசன் மில்லுக்கு ரசீதுப் புத்தகம் அடிக்க வந்தார். கோபமெல்லாம் போய்விட்டிருந்தது, வேடிக்கையாகத்தான் பேசினார். "இவள உள்ள வெச்சிகினு இருக்கியே மாஸ்டர். உன் கொஸ்டின் பேப்பர்லாம் பத்திரமா?"

தீபா தலை நிமிரவில்லை. ஆனால் அவள் அடித்துக்கொண்டிருந்த பத்திரிகையில் மாப்பிள்ளையின் பெயர் மூன்று முறை தப்பாக விழுந்து, மூன்று முறை அழிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார் ஜினசந்திரன். முருகேசனின் வண்டிச் சத்தம் தெருமுனையில் தேய்ந்ததும், "அவரு பாஸ்வேர்டு எனக்குத் தெரியும்" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை.

"முருகேசனோட பாஸ்வேர்டு. லாரி நம்பர். அன்னைக்கி நான்தான் தொறந்து பார்த்தேன். நீ யாருகிட்டயும் சொல்லல."

மழைத் தண்ணீர் ஓட்டிலிருந்து வாசல் வாளியில் விழுந்துகொண்டிருந்தது. அவள் கேட்டாள்: "நான் அழுதுகினு எறங்கிப் போனேனே சார். அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"என் டிசைன் வேல போச்சே, அது எதனாலன்னும் தெரியுமா?"

"தெரியும்மா."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். பத்திரிகையை முழுதாக அடித்து முடித்து, சேமித்து, மூடினாள். பிறகு புதுப் பக்கம் ஒன்றைத் திறந்து, இன்ஸ்டிட்யூட் லெட்டர்ஹெட் எங்கே என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தார். அவள் அடிக்க ஆரம்பித்தாள். மற்றவரின் பாஸ்வேர்டைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்தியது நான், தீபா எந்த ரகசியத்தையும் வெளியில் சொல்லவில்லை, அவள்மேல் பழி விழுந்ததை அறிந்தும் இரண்டு ஆண்டுகள் வாய் திறக்காமல் இருந்தேன் என்று அவர் பெயரில் அவளே எழுதினாள். இரண்டு இடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தது. பதினாறு வருடமாக யார் அடித்தாலும் அதைச் சுட்டிக்காட்டுகிற மாஸ்டர், வாய் திறக்காமல் நான்கு பிரதிகளிலும் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார்.

"நீங்களே எடுத்துகினு போய் குடுங்க" என்றாள். 'சார்' என்ற சொல் அதில் இல்லை.

மறுநாள் மாணிக்கவேலின் கடையில் இரண்டு பெண்கள் கூறைப்புடவை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாணிக்கவேல் கடிதத்தை உரக்கவே படித்தார், பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. "கேம்ல கள்ளாட்டம் ஆடுனதுக்கா மாஸ்டர் சீல் வெச்சி லெட்டர் எடுத்துகினு வந்த?"

"கேமுக்கு இல்லண்ணே. அந்தப் பொண்ணுக்கு வேல நிறுத்திட்டீங்களே, அதுக்கு."

மாணிக்கவேல் அதை மறந்தே போயிருந்தார். இதற்காகத்தான் நிறுத்தினோமா என்று தனக்குள் கேட்பவர் போல முணுமுணுத்துவிட்டு, இப்போது காஞ்சிபுரத்து ஆளே சரியாகத்தான் செய்கிறான் என்று கடிதத்தை மடித்துக் கல்லாப்பெட்டிக்கு அடியில் வைத்தார். புடவை பார்த்த பெண்களில் ஒருத்தி ஜினசந்திரனைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள்.

முருகேசன் சிரிக்கவில்லை. மில் வாசலில் நின்றபடியே படித்தார். அடித்துவிடுவாரோ என்று நினைத்தார் ஜினசந்திரன். முருகேசன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்று மாலையே மனைவியைக் கூட்டிக்கொண்டு, பழத்தட்டோடு, மழையில் நனைந்து தீபாவின் வீட்டுக்குப் போய்க் கைகூப்பி நின்றார் என்று பிறகு தெரிந்தது. படபடவென்று பேசுகிற அந்த மனிதர் ஒரே நாளில் செய்ததைத் தான் இரண்டு வருடமாகச் செய்யாமல் இருந்ததை நினைத்தபோது, கடையில் பட்ட அவமானம் ஒன்றுமில்லை என்றாகிவிட்டது.

சக்ரேஸ்வரியிடமும் சொன்னார். முழுவதையும் கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அந்தப் பொண்ணு நம்ம வூட்ல வந்து சாப்ட்டுதே, அப்போல்லாம் எப்படிங்க எதிர்ல உக்காந்தீங்க?"

தீபா அதற்குப் பிறகு இன்ஸ்டிட்யூட்டுக்கு வரவில்லை. கடிதம் போன வியாபாரிகளில் பொன்னுசாமி என்பவர் மட்டும் அதை நிதானமாகப் படித்து, இரண்டு முந்தி டிசைன் கொடுத்துப் பார்த்தார். அவை நன்றாகப் போயின. இரண்டாயிரத்தேழில் அவள் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டாள். மாணிக்கவேல் ஆள் அனுப்பியபோது, கை நிறைய வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டாளாம்.

மறுவருடம் அவள் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. வேறு யாரோ அடித்த பத்திரிகை. போவதா வேண்டாமா என்று நான்கு நாள் யோசித்து, வரவேற்பன்று விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஜினசந்திரன் தனியாகப் போனார். வரிசையில் நின்று மேடையேறினார். தீபா அவரைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையிடம், "டைப்பிங் மாஸ்டர். எனக்கு கம்ப்யூட்டர் சொல்லிக் குடுத்தவரு" என்றாள். அவர் கவரைக் கொடுத்துவிட்டு, போட்டோவுக்கு நிற்கச் சொன்னவர்களிடம் தலையசைத்துவிட்டு இறங்கினார்.

பந்தியில் உட்காரச் சொல்லி அவள் அப்பா கையைப் பிடித்தார். ஜினசந்திரன் தயங்குவதைப் பார்த்த இன்னொருவர், விடுங்க, அவங்க ஜைனருங்க, பொழுது போனா கை நனைக்க மாட்டாங்க என்றார். அப்பா மரியாதையாகக் கையை விட்டார். அது காரணமில்லை என்று ஜினசந்திரன் சொல்லவில்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கமாக நடந்தார்.