சுசிட டீமுக்கு ஒரு மிருகம் வேணும்

இண்டைக்கு வந்தாறுமூலை நெட் கடையில, இன்டர்நெட் கிரிக்கெட் விளையாட்டுக்கு எங்கட கற்பனை டீமைப் பதியப் போனம். என்ட ரூம்மேட் சுசி பாயிற புலியொண்டை லோகோவாப் போட்டாள்.

கடைக்கார அண்ணன் ஓடி வந்தார். "புள்ள, சண்டை முடிஞ்சு ஒரு வருசமும் ஆகல்ல. என்ட கடையைப் பூட்ட வைக்கப் போறீங்களா?"

"அண்ணே, இது வெறும் மிருகம்."

"அதை வாறவங்களுக்கு ஆர் விளங்கப்படுத்துற?"

சிங்கத்துக்கு சுசி சம்மதிக்கல்ல. மிருகமே வேணாம், படகு போடுவமெண்டா, அது தேர்தல் சின்னம் எண்டார் அண்ணன். கடைசியில நண்டு எண்டு முடிவெடுத்தம்.

பக்கத்துக் கம்ப்யூட்டரில சிவில் உடுப்போட இருந்த சிங்களப் பொலிஸ்காரர் எட்டிப் பார்த்தார். அண்ணன்ட முகம் வெளிறிப் போச்சு.

"தங்கச்சி, இந்த லீக்கில நண்டு நம்ம டீம். வேற எடுங்க" எண்டார் பொலிஸ்காரர்.

ஆருக்கும் கோபம் வராத மிருகம் ஒண்டு சொல்லுங்க. மாடு எண்டு மட்டும் சொல்லாதீங்க, சொல்லி சுசிட்ட அடி வாங்கினது நான்தான்.