நான்கு சிகரெட் நேரம்

அந்தப் பெயிண்டர் கைக்கடிகாரம் கட்டியதில்லை. முதல் பூச்சு காய நான்கு சிகரெட் நேரம்; மழை நாளென்றால் ஆறு. முப்பது வருடமாக அந்தக் கணக்கு பிசகவில்லை.

பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த மகள்தான் அதற்கு வேட்டு வைத்தாள். "உங்க மேல இந்த சிகரெட் வாடை போறவரைக்கும் பாப்பாவத் தூக்க விடமாட்டேன்ப்பா. ஒரு மாசம் விட்டுக் காட்டுங்க."

இதற்கு முன் மூன்று முறை விட்டிருக்கிறார். நான்கு நாளைத் தாண்டியதில்லை.

மூன்றாம் நாள், ஒரு கூடத்துச் சுவரில் முதல் பூச்சை முடித்ததும் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பை காலி. நேரம் நகரவே மாட்டேன் என்றது. காய்ந்திருக்கும் என்று இரண்டாம் பூச்சை ஏற்றினார். பெயிண்ட் உருளையோடு அடிப்பூச்சும் தோல் தோலாக உரிந்து வந்தது.

"சுவருக்கு அம்மை போட்ருச்சு மாமா," என்றான் கூட வேலை செய்யும் மைத்துனன்.

உருளையை வீசி எறிந்தார். பிறகு பால்கனியில் உட்கார்ந்து அழுதார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. அப்பா இறந்தபோதுகூட இப்படி அழுகை வரவில்லை.

மைத்துனன் சிகரெட் பாக்கெட்டை நீட்டினான். "ஒண்ணே ஒண்ணு. பாக்கச் சகிக்கல."

"உள்ள வை. அழுது முடிச்சுட்டு வரேன்."

சுவரைச் சுரண்டித் தேய்த்து, மறுநாள் மீண்டும் முதல் பூச்சு. காத்திருக்க வேறு வழி தெரியாததால் சுவரையே பார்த்தபடி உட்கார்ந்தார்.

ஜன்னல் ஓரத்தில் தொடங்கியது. ஈரப் பளபளப்பு அங்குலம் அங்குலமாகப் பின்வாங்கி, நடுவே குளம்போல் சுருங்கி, மேல்மூலையில் உள்ளங்கை அளவுக்கு மினுங்கி, அணைந்தது. நிறம் ஒரு படி ஆழ்ந்து நின்றது. எத்தனையோ அறைகளில் அவர் முதுகுக்குப் பின்னால் இது நடந்திருக்கிறது. ஒருமுறைகூட அவர் பார்த்ததில்லை.

"என்ன மாமா, சாமி தெரியுதா?"

"சும்மா இருடா. காயுது."

ஏக்கம் அத்தோடு போய்விட்டது என்று சொன்னால் பொய். தினமும் வந்தது. ஆனால் அதையும் அவர் உட்கார்ந்து பார்க்கப் பழகியிருந்தார். ஏறியது, நெஞ்சை அடைத்தது, ஓரத்திலிருந்து வடிந்தது.

முப்பதாம் நாள் மகள் அவர் சட்டைக் காலரை முகர்ந்தாள். "பெயிண்ட் வாடைதான்," என்று சொல்லி, அப்போதுதான் குளிப்பாட்டிய குழந்தையை அவர் கையில் வைத்தாள். ஈரமான அந்தச் சின்னத் தலையை அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். நெற்றியோரத்தில் ஒரு முடி பிரிந்து எழுந்தது. பிறகு இன்னொன்று.

"எவ்வளவு நேரம்ப்பா இப்படியே நிப்பீங்க? குடுங்க."

"இரும்மா. தலை காயட்டும்."