காற்றில்லாமலும் ஓடும் டயர்

நான் வாங்கிய காரில் ஸ்பெயார் வீல் இல்லை. அது இருக்கவேண்டிய குழிக்குள் டயர் ஓட்டையை அடைக்கும் ஒரு போத்தல் நுரையும் ஒரு சின்னப் பம்பும் கிடந்தன. "இப்ப வாற காரெல்லாம் இப்பிடித்தான்" என்றார் விற்றவர். காரைச் செய்த நாட்டுக்காரன் யோசிக்காமலா செய்திருப்பான் என்று நானும் நம்பினேன். அவன் எங்கள் ஊர் மாம்புரியில் கார் ஓட்டிப் பார்த்தவனில்லை.

மனைவியின் தங்கச்சிக்குப் புத்தளத்தில் கலியாணம். பாலாவிக்கு இந்தப் பக்கமாக ஒரு டயரின் பக்கம் கிழிந்தது. போத்தலைப் பொருத்தி அமுக்கினேன். நுரையில் பாதி கிழிசலால் வெளியே வந்தது, மீதி என் புதுச் சட்டைக்கு வந்தது. பட்டுச்சாரி உடுத்த மனைவி தென்னந்தோட்டத்து வேலியோரம் நின்று, போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நிக்காஹ் முடிந்து, விருந்து சாப்பிட்ட சஹன் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவள் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் தப்பியிருப்பேன். அதற்குப் பிறகு எங்கே போவதென்றாலும் அவள் பஸ்ஸில் போனாள், நான் வெறும் காரோடு பின்னால் போனேன்.

அவளை மறுபடியும் முன் சீட்டில் இருத்த வேண்டும். அதற்கு ஸ்பெயார் வீல் ஒன்று வாங்குவதா, பஞ்சரானாலும் ஓடுகிற ரன் ஃப்ளாட் டயர் நாலு போடுவதா? அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் முற்றத்தில் இந்தக் கதையைத் தெரியாத்தனமாக எடுத்துவிட்டேன். சைக்கிள் வைத்திருந்தவர்கள்தான் ஆகக் கூடுதலாகப் பேசினார்கள். டிக்கியில் வீலைப் போட்டால் தேங்காயை எங்கே போடுவாய் என்று ஒருவர் கேட்டார். ரன் ஃப்ளாட் கல்லு மாதிரி, குழியில் விழுந்தால் முதுகெலும்பு போய்விடும் என்றார் இன்னொருவர். மனைவியின் நாநா, அவளுக்கு மூத்த சகோதரர், ஆலங்குடாக் கரையில் மீன்பிடிக்கிறவர். அவர் மட்டும் சுருக்கமாகச் சொன்னார்: "மச்சான், பழைய வீலொண்ட வாங்கி டிக்கில போடுங்க. முடிஞ்சி."

இவ்வளவு லேசான யோசனையை, இரண்டு கிழமையாக டயர் வீடியோ பார்த்த மனிதன் எப்படி ஏற்பான்? நேரே டயர்க் கடைக்குப் போனேன். "காத்துப் போனாலும் இது படுக்காது சேர். பக்கமெல்லாம் கட்டி. அப்பிடியே வீட்ட போகலாம்" என்றார் முதலாளி. படுக்காது என்ற அந்த ஒரு சொல்லுக்கு நான் விழுந்துவிட்டேன். நாலையும் போட்ட சந்தோஷத்தில் பம்பையும் போத்தலையும் நாநாவுக்கே அன்பளிப்பாகக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் நாநா புதுப் படகு இறக்கினார். பள்ளிவாசல் லெப்பை துஆ ஓத, படகைக் கடலுக்குத் தள்ளி, எல்லோருக்கும் இனிப்புக்கு வட்டிலப்பம் கொடுப்பது வழக்கம். வட்டிலப்பம் என் மனைவியின் பொறுப்பு. "இதுக்காவது நேரத்துக்குப் போய்ச் சேருவமா?" என்று கேட்டாள்.

"காத்தில்லாட்டியும் ஓடும்."

"ஓம், பாப்பம்" என்று தட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினாள். எனக்குப் பெருநாள் வந்தது போலிருந்தது.

ஆலங்குடாவில் தார் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் வாகனம் ஓட்டுகிற எல்லோரும் இறங்கி டயர்க் காற்றில் பாதியைத் திறந்துவிடுவோம். டயர் ரொட்டி மா போலப் பரந்து மணலில் மிதந்து போகும். அளவு பார்ப்பதெல்லாம் கண்ணால்தான். கைப்பழக்கத்தில் நானும் இறங்கித் திறந்தேன். டயர் பரவவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டேன். அசையவில்லை. சத்தம் நிற்கும்வரை நாலிலும் விட்டேன். நாலும் மாப்பிள்ளைத் தோழர்கள் போல நிமிர்ந்து நின்றன. அடடா, என்ன டயர் என்று பெருமைப்பட்டுக்கொண்டு மணலில் இறக்கினேன். மணலுக்குப் படுக்கிற டயர்தான் வேண்டும் என்பது, காரின் வயிறு மணலில் குந்திய பிறகுதான் விளங்கியது.

படகு தள்ள வைத்திருந்த ட்ராக்டரோடு நாநா ஓடி வந்தார். "லெப்பை பாத்துக்கொண்டிருக்காரு. கார் கெடக்கட்டும், ரெண்டு பேரும் ஏறுங்க" என்றார். மனைவி தட்டத்தோடு ஏறிவிட்டாள். எனக்கோ நாலு புது டயரை மணலில் தனியே விட்டுப்போக மனம் வரவில்லை. நான் காவலுக்கு நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் துஆ காற்றோடு கேட்டது. எல்லோரும் ஆமீன் சொன்னார்கள். காருக்குப் பக்கத்தில் கையேந்தி நானும் தனியே ஆமீன் சொன்னேன். வெட்கமாக இருந்தது. வேலியோரம் நின்றவளுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

திரும்பி வந்த ட்ராக்டரிலிருந்து அவள் வட்டிலப்பம் வைத்து மூடிய ஒரு பீங்கான் தட்டோடு இறங்கினாள்.

"தங்கச்சிட கலியாணத்துல எனக்கு ஆரும் ஒரு துண்டு எடுத்து வெக்கல்ல. நீங்க தின்னுங்க."

தின்றேன்.

ட்ராக்டர் காரைத் தாருக்கு இழுத்துவிட்டது. நாலு டயரிலும் ஒரு சொட்டுக் காற்றில்லை, பம்பு மாம்புரியில் நாநாவின் வீட்டில். அவள் பஸ் எடுக்கப் போவாள் என்றுதான் நினைத்தேன். அவள் முன் கதவைத் திறந்து ஏறி, வெறும் தட்டத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"காத்தில்லாம ஓடுமென்டீங்களே. ஓட்டுங்க பாப்பம்."

ஓடியது. முதலாளி பொய் சொல்லவில்லை; பள்ளிவாசல் முற்றத்தில் முதுகெலும்பைப் பற்றிச் சொன்னவரும் பொய் சொல்லவில்லை. வழியில் பஸ் ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது. அவள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை, மாம்புரி வந்து சேரும்வரை என்னை ஏசிக்கொண்டே வந்தாள்.